ஈடு கிரயமான கதை: கோவையில் கடனும் பத்திரமும்

கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் தொகுத்த எஃப்.ஏ. நிக்கல்சன், 1895இல் சென்னை மாகாணத்துக்கான வேளாண் வங்கிகள் பற்றிய அறிக்கையின் முதல் தொகுதியைத் தந்தார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வித்திட்டவற்றுள் அதுவும் ஒன்று. அதன்பின் வந்த சட்டங்கள் பெரும்பாலும் வட்டி வீதத்தின் மீதே கண் வைத்தன. வீடு கைமாறியதோ பத்திரத்தின் தலைப்பில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 'நிபந்தனைக் கிரய அடமானம்' என்ற ஒன்றை ஏற்கிறது. பார்வைக்கு விற்பனை, பணத்தைத் திருப்பினால் சொத்து திரும்பும். எது விற்பனை, எது ஈடு என்ற வழக்குகள் பெருகவே, 1929இல் ஒரு வரம்பு சேர்க்கப்பட்டது: திரும்பத் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அது அடமானம். குழப்பம் தீர்க்க வந்த இந்த வரியே கடன் கொடுப்பவருக்கு வழி சொல்லிக் கொடுத்தது. கிரயத்தைத் தனியாகவும், மறுகிரய ஒப்பந்தத்தைத் தனியாகவும் எழுதிவிட்டால் போதும். ஒப்பந்தமே எழுதாவிட்டால் இன்னும் வசதி. அடமானம் என்றால் மீட்க முப்பது ஆண்டு அவகாசம் உண்டு. அந்தத் தலைவலியை யார் விலைக்கு வாங்குவார்?

1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம் பழைய கடன்களின் வட்டி நிலுவையைத் துடைத்தது. பயன் உழவருக்கு மட்டும். அதே பத்தாண்டில் பைக்காரா மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. லைன் வீடுகளில் குடியேறிய ஆலைத் தொழிலாளி அச்சட்டத்தின் கணக்கில் வரவில்லை. 1957ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டம் உரிமம் கேட்டது; உரிமமில்லாமல் கொடுத்தவர்கள் தங்கள் பாட்டுக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் கொடுத்த நாள் தவணைக் கடனான தண்டலின் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். பத்தாயிரம் என்று பேசி, 1,500ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். குறைந்துகொண்டே வரும் அசலுக்கு இந்த வட்டியைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும். இதற்காவது ஓர் அட்டை உண்டு. வசூலிக்க வருபவர் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். வீட்டை வைத்து வாங்கும் பெரிய கடனில் அந்த அட்டையும் கிடையாது.

திரைப்படத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் கடன் நெருக்கடியில் மறைந்த 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கிய சொற்களையே சட்டம் எடுத்துக்கொண்டது வியப்பான நேர்மை. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே தீயில் கருகியபோது அச்சட்டத்துக்கு வயது பதினான்கு. 2022இல் காவல்துறை 'ஆபரேஷன் கந்துவட்டி' நடத்தியது. 2025இல் வன்வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் பேரவையில் நிறைவேறியது.

இடையில் 2020 மார்ச்சில் பங்கஜா, கம்போடியா உள்ளிட்ட கோவையின் தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் நின்றன. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி வாசல் எட்டாது.

அப்படி ஒருவர் நூற்றுக்கு ஐந்து வட்டியில் மூன்று லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தானுங்க" என்ற சொல்லோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதப்படுவது கிரய ஒப்பந்தம், பொது அதிகாரம் அல்லது சுத்தக் கிரயம். பொது அதிகாரத்தால் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதிகாரம் பெற்றவர் இன்னொருவருக்குக் கிரயம் எழுத அது தடையில்லை. வில்லங்கச் சான்றில் கடன் என்ற சொல்லே வராது. வட்டி எழுத்தில் இல்லாததால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பிடி கிடைக்காது.

பத்திரம் வெறும் போர்வை, உள்ளே இருப்பது கடன்தான் என்று வாய்மொழிச் சாட்சியத்தால் காட்ட 1981இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. மெய்ப்பிக்கும் பாரம் எழுதிக் கொடுத்தவர் தலையில். வட்டியை ரொக்கமாகவே கட்டியவர் அவர். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரோ கடன் கொடுத்தவரின் வண்டியில் வந்து இறங்கியவர்கள்.