கம்பளி போர்த்திய இடையன்

எங்கள் வீட்டுப் பாலன் குடிலில் ஓர் இடையன் இருக்கிறான். உயரம் நாலு அங்குலம். தோளில் ஆட்டுக்குட்டி. மற்ற இடையர்கள் காவியும் நீலமுமாக அங்கி உடுத்திருக்க, இவன் மட்டும் தலையிலிருந்து முழங்கால் வரை கறுப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது அங்கி இல்லை, கம்பளி. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் கொங்காணி போட்டுக்கொள்வார்களே, அதே மடிப்பு. ஓரத்தில் நூல் தடிப்பில் ஒரு சிவப்புக் கரை. இவன் பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான றொசல்லைக்கு வந்த பிறகுதான் இவனுக்குக் கம்பளி கிடைத்தது.

இவனுடைய வம்சாவளி இத்தாலியில் தொடங்குகிறது. 1223ஆம் ஆண்டு நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில், கிரெச்சியோ என்ற மலைக் கிராமத்தில், அசிசியின் பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் நிரப்பி, பக்கத்தில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பூசை நடத்தச் செய்தார். ஊர்ச் சனங்கள் பந்தங்களோடு மலையேறி வந்தார்கள். லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டு. மாடும் கழுதையும் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் வரும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு சனங்களின் கதை அவற்றைக் கூட்டி வந்தது. மூன்று இராசாக்களின் கதையும் அப்படித்தான். மத்தேயு ‘ஞானிகள்’ என்கிறாரே தவிர எத்தனை பேர் என்று சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகி, பிறகு கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரும் வாங்கிக்கொண்டார்கள். குடிலில் நாம் அடுக்கி வைப்பதில் பாதி வேதத்தில் எழுதியது, பாதி பாட்டிமார் சொல்லிச் சொல்லிச் சேர்த்தது. அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

ரோமில் மரியன்னை பேராலயத்துக்காக அர்னோல்ஃபோ தி காம்பியோ பளிங்கில் செதுக்கிய உருவங்கள் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தன. வீட்டுக்குள் நுழையும் அளவுக்கு உருவங்கள் சிறுத்தது வெகுகாலம் கழித்து. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோயில்கள் மூடப்பட்டபோது, தென் பிரான்சின் சனங்கள் குடிலைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மார்சேய் நகரத்து லூயி லாஞெல் (1764–1822) சாந்து அச்சில் களிமண்ணை அழுத்திச் சின்னச் சின்ன உருவங்கள் எடுத்தார். ஏழையும் வாங்கக்கூடிய விலைக்கு அவை வந்தன. ‘சாந்தோன்’ என்றால் சின்னப் புனிதர் என்று பொருள். ஆனால் அந்தக் கூட்டத்தில் புனிதர் சொற்பம். ரொட்டி சுடுகிறவர், மீன்காரி, மாவு அரைக்கிறவர், ஆச்சரியத்தில் இரண்டு கையையும் தூக்கி நிற்கும் ஊர் அப்பாவி என்று அக்கம்பக்கத்து ஆட்கள்தான் பாலனைப் பார்க்க நடந்து வருவார்கள். 1803இல் மார்சேயில் இவற்றுக்கென்றே ஒரு சந்தை கூடியது. அது இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. பிள்ளைகள் வருசத்துக்கு ஒன்று இரண்டாக வாங்கிச் சேர்ப்பார்கள்.

நம் மலைகளுக்குக் குடில் வந்த பாதை வேறு. ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. கண்டி, 1883இல் தனி மறைமாவட்டப் பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இத்தாலியிலிருந்து வந்த சில்வெஸ்திரீன் துறவிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அடுத்த வருசமே, 1884இல், நாவலப்பிட்டியில் நின்றிருந்த ரயில் பாதை வட்டவளை, றொசல்ல வழியாக ஏறி ஹட்டனைத் தொட்டது. ரயில் தேயிலைக்காகப் போடப்பட்டது. சாமிமாரும் சொரூபங்களும் அதே ரயிலில் ஏறிவர எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனால் கோயிலில் இருந்த பெரிய சொரூபங்கள் கோயிலுக்கானவை. லயங்கள் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளின் குடிலில் காகிதத்தில் வெட்டிய மாதாவும், களிமண்ணில் பிடித்த மாடும்தான் இருந்தன.

எங்கள் இடையன் வேறு திசையிலிருந்து வந்தான்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். அந்தப் பிரிவில் ஒரே லயத்து அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டுக்காரர் ஆனார்கள். என் அம்மாயி இங்கே. அவருடைய தங்கை, எங்கள் சின்ன அம்மாயி, அங்கே. எழுபதுகளின் தொடக்கத்தில் றொசல்ல ஸ்டேசனில் ரயில் ஏறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் கடந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். 1982 டிசம்பரில் அக்காவைப் பார்க்க ஒருமுறை திரும்பி வந்தார். அதற்கடுத்த வருசம் ஜூலையில் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. அதன்பின் கப்பலும் நின்றுபோனது. அவர் வந்த அந்த ஒரே தடவை, பழைய நூல் சேலையில் தனித்தனியாகச் சுற்றி, சட்டிப்பெட்டிக்குள் பதினொரு பொம்மைகளைக் கொண்டு வந்தார்.

“அக்கா, உன் வீட்டுக் குடில்ல மாதா காகிதத்துலயா இன்னும் நிக்கிறாங்க?” என்று கேட்டபடியே அவர் ஒவ்வொன்றாகச் சேலையைப் பிரித்ததை அம்மா இன்றைக்கும் சொல்வார்.

வட்டவளை, றொசல்லப் பக்கம் மழைக்குப் பேர் போனது. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். லயத்துக் காம்பராவில் மண் பொம்மைக்கு அந்த ஈரம்தான் எமன். சாயம் பொருக்குப் பொருக்காக எழும்பி, தொட்டால் உதிரும். அம்மாயி அவற்றைத் தேயிலைப் பெட்டியில், மானாப்புல்லைக் காய வைத்து இடையிடையே அடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். ஈரம் அண்டவில்லை. புகை அண்டியது. மூன்று நாலு வருசத்தில் மாதாவின் முகம் மங்கி, இந்த இடையனின் அங்கி என்ன நிறம் என்றே தெரியாமல் போய்விட்டது.

தாத்தா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பேரையும் இலக்கத்தையும் அச்சுத் தகட்டை வைத்துக் கறுப்பு மையால் பதிப்பது அவருடைய வேலை. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த அந்த மையைக் கொண்டுவரச் சொல்லி, ஈர்க்குச்சி நுனியைக் கடித்து நாராக்கி, அம்மாயி இடையனுக்குக் கம்பளி எழுதினார். அதுவரை அவர் தூரிகை பிடித்ததில்லை. கோலம் போட்ட கைதான். மடிப்பு விழும் இடத்தில் மையைத் தடிப்பாகவும், தோள் மேட்டில் மெல்லிசாகவும் இழுத்திருக்கிறார். நாற்பது வருசம் தலையில் கம்பளி போட்டு நடந்தவருக்கு அது எங்கே மடியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரொட்டிக்காரரையும் மீன்காரியையும் மார்சேயில் யாரோ பாலனிடம் அனுப்பி வைத்ததைப் போல, அம்மாயி எங்கள் மலையிலிருந்து ஒருவரை அனுப்பி வைத்தார் என்றே நான் நம்புகிறேன்.

போன நத்தாருக்கு முந்தின வருசம் ஆட்டுக்குட்டியின் முன்னங்கால் முறிந்தது. மதுரைக்குப் போகும் வேலை இருந்ததால் இடையனையும் பையில் வைத்துக்கொண்டு விளாச்சேரிக்குப் போனேன். தமிழைச் செம்மொழியாக ஏற்க வேண்டுமென்று குரல் கொடுத்த பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்த ஊர் அது. இன்றைக்கு அந்த ஊரைப் பொம்மைகளுக்காகத் தேடி வருகிறார்கள். வேளார் குடும்பங்கள் விநாயகர் முடிந்து, கொலு முடிந்து, அதே கையோடு குடில் பொம்மைகளில் இறங்கிவிடுகின்றன. திண்ணை நிறையத் தலையில்லாத சூசையப்பர்கள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடுமாம். மண்ணை ஊறவைத்துச் சலித்து மிதித்து, இரண்டு பாதி அச்சிலும் கட்டைவிரலால் அழுத்தி, கூழ்மண் தடவிச் சேர்த்து, காய்ந்ததும் சூளையில் இடுகிறார்கள். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நிறம். கண் மட்டும் கடைசியில். மூக்குத்தி மட்டும்தான் இல்லை, மற்றபடி அங்கே இருந்த மாதாவின் முகமும் மீனாட்சியின் முகமும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தன.

ஒரு பெரியவர் இடையனை வாங்கிப் புரட்டி, அடிப்பக்கத் துளையை விரலால் தடவினார். “இது எங்க ஊரு வேலைதான் தம்பி. கண்ணப் பாருங்க, ஒரே இழுப்பு. ஆனா இந்தக் கறுப்பு நாங்க போட்டதில்ல. தேச்சு எடுத்துட்டுப் புதுசாப் பூசிரவா?”

“வேணாங்கய்யா, அது எங்க அம்மாயி போட்டது” என்றேன்.

அவர் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கொங்காணி மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஆட்டுக்குட்டியின் காலை மட்டும் ஒட்டி, வெள்ளை தொட்டு, கம்பளியின் மேல் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இடது கையால் மறைத்துக்கொண்டே பூசி முடித்தார். காசு வாங்கவில்லை.

ஊர் திரும்பிய பின் வந்த டிசம்பர் 24 இரவு. பாலனின் சொரூபம் பஞ்சுக்குள், அரிசி அளக்கும் கொத்துக்குள், நடுச்சாமப் பூசை முடியட்டுமென்று காத்திருந்தது. இராசாக்கள் மூவரும் ஜன்னல் கட்டையில். சனவரி 6ஆம் தேதிதான் அவர்கள் குடிலை அடைவார்கள். சைப்பிரஸ் கிளையும் பாசியும் மானாப்புல் கூரையுமாகக் குடில் தயார். நான் பையிலிருந்து இடையனை எடுத்து நீட்டினேன். அம்மா ஒட்டிய காலைப் பார்க்கவில்லை. முந்தானையால் துடைத்து, விளக்குக்குக் கிட்டப் பிடித்து, முதலில் அந்தச் சிவப்புக் கரை இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.