சோஷியோபாத்களின் உணர்ச்சி உலகம்: ஓர் ஆய்வு வரலாறு

முன்னுரை

பிறரை ஏய்த்தும் வதைத்தும் மனம் உறுத்தாமல் வாழ்பவரைப் பொதுவழக்கில் ‘சோஷியோபாத்’ என்கிறோம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ‘சைக்கோபாத்’ என்றே குறிப்பிடுகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் ‘சமூகவிரோத ஆளுமைக் கோளாறு’ என்னும் வகையை ஏற்படுத்தியபோது, வெளிப்படையான நடத்தையையே அதற்கு அடிப்படையாகக் கொண்டது. ஆனால் ஆய்வாளர்களை நெடுங்காலமாக ஈர்த்தது இத்தகையோரின் அகம். இவர்களுக்கு உணர்ச்சி உண்டா என்று தொடங்கிய விசாரணை, அது எந்நிலையில் எழுகிறது என்ற விசாரணையாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவர் கண்டவை

பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் பினெல், அறிவு தெளிவாக இருக்க, கட்டுக்கடங்காத வெறி மட்டும் மேலோங்கும் நோயாளிகளை 1801இல் விவரித்தார். பித்து என்றால் புத்தி பேதலிப்பது என்ற அன்றைய கருத்தை இது அசைத்தது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் கவுல்ஸ் பிரிச்சர்ட் 1835இல் ‘ஒழுக்கப் பித்து’ என ஒரு வகையை வகுத்தார். இன்று மனச்சோர்வு எனப்படும் நிலைகளும் அதற்குள் அடங்கியதால், அதை இன்றைய சோஷியோபாத்துக்கு நிகராகக் கொள்ள இயலாது.

இன்றைய சித்திரம் உருப்பெற்றது அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லியின் 1941ஆம் ஆண்டு நூலில். அன்பு, வருத்தம், வெட்கம் ஆகியவற்றைப் பற்றி இவர்கள் சரளமாகப் பேசுவார்கள். அப்பேச்சுக்கு அடியில் அனுபவம் இராது என்பது அவர் வாதம். எனினும் இது வெளியிலிருந்து பார்த்தவரின் கணிப்பே. அதைச் சோதிக்கும் கருவி அவரிடம் இல்லை.

ஆய்வகத்தில் அச்சம்

அக்குறையை நீக்க முனைந்தவர் மினசோட்டாவின் டேவிட் லிக்கன். 1957இல் வெளிவந்த அவரது சோதனையில் 20 கட்டங்கள் கொண்ட ஒரு புதிர்வழி இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு நெம்புகோல்கள். ஒன்று சரியானது, தவறான மூன்றில் ஒன்றை அழுத்தினால் மின்னதிர்ச்சி. சோஷியோபாத்கள் வழியை மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டனர். அதிர்ச்சி தரும் நெம்புகோலைத் தவிர்க்கத்தான் அவ்வளவாகக் கற்கவில்லை. கனடாவின் ராபர்ட் ஹேர், மின்னதிர்ச்சியை எதிர்நோக்கும் வேளையில் இவர்களின் தோலில் மின்கடத்துதிறன் மிகக் குறைவாகவே உயர்வதை 1965இல் காட்டினார். இவற்றால் ‘அச்சம் குன்றியவர்’ என்ற கொள்கை வலுப்பெற்றது.

பிறர் துயரம்

1990களில் பார்வை ஒழுக்க உணர்வின் பக்கம் திரும்பியது. ஒருவரை அடிப்பது, வகுப்பில் அனுமதியின்றிப் பேசுவது ஆகிய இரண்டும் தவறே. ஆனால் முன்னதில் ஒருவருக்கு வலிக்கிறது; பின்னது விதிமீறல் மட்டுமே. பிரிட்டிஷ் சிறப்பு மருத்துவமனைகளில் இருந்த சைக்கோபாத்கள் இவ்வேறுபாட்டைச் சரிவரக் காட்டவில்லை என்றும், பாதிக்கப்பட்டவரின் வலியைக் காரணமாகச் சொல்வது குறைவு என்றும் ஜேம்ஸ் பிளேர் 1995இல் எழுதினார். ஆனால் 2012இல் இயல் அஹரோனியும் சகாக்களும் கைதிகளிடையே நடத்திய ஆய்வில், மொத்தச் சைக்கோபதி மதிப்பெண் கூடுவதால் இந்தப் பகுத்தறியும் திறன் குறைவதாகத் தெரியவில்லை. தவறைத் தவறென அறிவதும் அதனால் மனம் உறுத்துவதும் வேறுவேறு எனக் கருத இது இடமளித்தது.

கவனத்தின் பங்கு

‘அச்சம் குன்றியவர்’ கொள்கையை விஸ்கான்சினின் ஜோசப் நியூமன் குழு 2010இல் திருத்தியது. சிவப்பு எழுத்து தோன்றினால் மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று கைதிகளிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. நிறத்தைக் கவனிக்கச் சொன்னபோது சைக்கோபாத்களின் அச்ச அனிச்சை மற்றவர்களைப் போலவே இருந்தது. கவனத்தை வேறு பணிக்குத் திருப்பியதும் குன்றியது.

பரிவிலும் இதே போக்கு தென்பட்டது. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கைகள் ஒன்றையொன்று வருடுவதும் அடிப்பதுமான படத்துணுக்குகளை 18 சைக்கோபாத்கள் பார்த்தனர். வெறுமனே பார்த்தபோது, சொந்த வலியிலும் தொடுகையிலும் இயங்கும் அவர்களது மூளைப் பகுதிகள் ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாகவே இயங்கின. அந்தக் கைக்குரியவரின் உணர்வை உணர முயலுங்கள் என்றதும் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது.

முடிவுரை

இச்சோதனைகளில் பல, சிறையிலோ காவல் மருத்துவமனையிலோ இருந்த ஆண்களிடம் நடந்தவை. பெண்களுக்கும் வெளியுலகில் வாழ்வோருக்கும் இம்முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. மூளை இயக்கத்தை வைத்து அக உணர்வை முழுதும் அளந்துவிடவும் முடியாது. இருப்பினும், உணர்ச்சி அறவே அற்றவர் என்ற கிளெக்லி வழிவந்த சித்திரம் இனி நிற்காது. தானாக எழாவிட்டாலும், கவனம் திரும்பினால் அச்சமும் பரிவும் ஓரளவு எழக்கூடும். இது சிகிச்சைக்கு ஒரு வாசலைத் திறக்கிறது. அதே வேளையில், ‘என்னால் உணர முடியாது’ என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாதத்தையும் பலவீனப்படுத்துகிறது.