இலண்டனில் நம்மைப் படிக்கும் கல்லூரி



தோட்டத்துப் பிள்ளை ஒருவன் மேற்படிப்புக்காக இலண்டன் போகிறான் என்று செய்தி வந்தால், "டாக்டருக்கா, லாயருக்கா?" என்றுதான் நம்மவர்கள் அடுத்துக் கேட்பார்கள். இவ்விரண்டையும் தவிர வேறு படிப்பு அங்கே என்ன இருக்கிறது என்று நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் மொழி, வரலாறு, சமயம், சட்டம், இசை, பொருளியல் ஆகியவற்றைக் கற்பதற்கென்றே இலண்டன் பல்கலைக் கழகத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி என்று அதைத் தமிழில் சொல்லலாம். 'சோவாஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். வெள்ளைக்காரர் நாட்டில் இருந்துகொண்டு நம்மைப் படிக்கின்ற கல்லூரி அது.

நம்மைப் பற்றி அவர்கள் ஏன் படிக்க வேண்டும்? அந்தப் படிப்பால் யாருக்கு நன்மை விளைந்தது? உம்பாயிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவற்றையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் நம் மலாக்காவிலிருந்தே தொடங்குவோம். 1512ஆம் ஆண்டு முதல் 1515 வரை இங்கே தங்கியிருந்த தொமே பீரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். ஆகவே மொழி கற்க வேண்டியவர்கள் மலாக்காவுக்கு வந்தார்கள். 1818ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த இராபர்ட் மோரிசனும் வில்லியம் மில்னும் இங்கே ஆங்கிலோ-சீனக் கல்லூரியை நிறுவினார்கள். அவ்வாறு வந்த வெள்ளையர்களுக்கு மலாய் கற்றுக் கொடுத்தவர் யார் தெரியுமா? மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. அரபுக் குருதியோடு தமிழ்க் குருதியும் கலந்தவர் அவர். கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் தேவை என்பதால் மலாக்காவின் வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைத்த வழக்கத்தையும், தாமும் அவ்வாறு தமிழ் கற்றதையும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் தமிழ் கற்றவனுக்கு மதிப்பு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மோரிசன் தாய்நாடு திரும்பியபோது, 1825ஆம் ஆண்டு இலண்டனில் கீழை மொழிகளைக் கற்பிக்க ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தது. ஆனால் அவர் திரட்டிய சீன நூல்கள் அழியவில்லை. முதலில் வேறொரு கல்லூரியில் இருந்த அவை, 1922இல் நாம் சொல்லும் இந்தக் கல்லூரியின் நூலகத்தை வந்தடைந்தன. மலாக்காவுக்கும் அந்தக் கல்லூரிக்கும் உள்ள உறவு இவ்வளவு பழையது.

ஆனாலும் ஆங்கில அரசு உடனே விழித்துக் கொள்ளவில்லை. பாரிசில் 1795ஆம் ஆண்டிலும், பெர்லினில் 1887ஆம் ஆண்டிலும் கீழை மொழிகளுக்கு அரசாங்கப் பள்ளிகள் ஏற்பட்டு விட்டன. உலகில் மிகப் பெரிய பேரரசை ஆண்ட பிரிட்டனிடம் அப்படி ஒன்று இல்லை. இந்தக் குறையை ரே பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1909இல் எடுத்துக் காட்டியது. 1916இல் அரச சாசனம் கிடைத்தது. முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தபோதே, 1917ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கல்லூரியைத் திறந்து வைத்தார். அப்போது அதன் பெயரில் கீழ்த்திசை மட்டுமே இருந்தது. ஆப்பிரிக்கா 1938இல் சேர்ந்தது.

இதன் நோக்கத்தை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆட்சி செய்யப் போகும் அதிகாரியும், வாணிகம் செய்யப் போகும் கம்பெனிக்காரரும், மதம் பரப்பப் போகும் பாதிரியாரும் அந்தந்த மக்களின் மொழியை அறிந்து போக வேண்டும். அதற்காகவே கல்லூரி எழுந்தது. மலாயாவில் பதவி வகித்து ஓய்வு பெற்ற ரிச்சர்ட் வின்ஸ்டெட் போன்றவர்கள் அங்கே மலாய் மொழி ஆசிரியர்களாக அமர்ந்தார்கள்.

தோட்டத்திலும் இதே கதைதான். 1919இல் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம், இளம் துரைகளுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. தமிழ் தெரியாதவர் பெரட்டுக் களத்தில் நின்று ஆள்களை வேலைக்கு அனுப்ப முடியாதல்லவா? வா, போ, வெட்டு, நிறுத்து என்ற ஏவல் சொற்களே அந்தத் தமிழுக்குப் போதுமானவையாக இருந்தன. நம் பாட்டனார் எந்த ஊர், என்ன பாட்டுப் பாடினார், எதற்காக அழுதார் என்று கேட்க அந்தத் தமிழில் இடமில்லை. ஒருவரின் மொழியைக் கற்பது வேறு. அவரை அறிந்து கொள்வது வேறு.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கல்லூரியையும் அசைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் பிரிட்டனில் மிகச் சிலரே இருந்தார்கள். அவசர அவசரமாகப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மொழி கற்பிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பாடத்தை உணர்ந்த அரசு, ஸ்கார்பரோ பிரபுவின் குழு 1947இல் தந்த அறிக்கையை ஏற்றுக் கூடுதல் பணம் ஒதுக்கியது. புதிய துறைகள் தோன்றின. தென்கிழக்காசிய வரலாற்றுக்கு 1949இல் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டு, டி. ஜி. இ. ஹால் அதில் அமர்ந்தார்.

இதற்குள் காலமும் மாறிவிட்டது. ஆளப்பட்ட நாடுகளின் பிள்ளைகள் இலண்டன் பல்கலைக் கழகத்துக்கு வந்து, தங்களைப் பற்றித் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். இலங்கையின் கணபதிப்பிள்ளை 1930களில் அங்கே தமிழ்க் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ஆங்கிலேயரிலும் ஏவல் தமிழோடு நின்றுவிடாதவர்கள் இருந்தார்கள். ஜான் மார் என்பவர் எட்டுத்தொகையை ஆராய்ந்து பட்டம் பெற்று, நாம் சொல்லும் கல்லூரியிலேயே தமிழ் கற்பித்தார். 2009இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நமக்கு மிக நெருக்கமானவர் ஒருவரை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்து நவாலியில் 1930இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக் கழகத்தில் வரலாறு படித்து, பிறகு இலண்டன் பல்கலைக் கழகத்தில் ஆய்வு செய்து 1956இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக் கொண்ட பொருள், இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் அந்த ஆய்வு நடக்காது. டச்சுக் கம்பெனியின் எழுத்தர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கையால் எழுதிய ஏடுகளை டச்சு மொழியிலேயே படிக்க வேண்டும். அரசரத்தினம் அந்த ஏடுகளைப் படித்தார்.

டச்சு ஏடுகளுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மலாக்காவை 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் 1825இல் ஆங்கிலேயரிடம் அதை விட்டுச் செல்லும் வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, இங்கே ஆட்சி செய்தார்கள். வந்து போன கப்பல், அதில் ஏறிய சரக்கு, அதன் உரிமையாளர், செலுத்திய வரி என்று அனைத்தையும் எழுதி வைப்பது கம்பெனியின் பழக்கம். நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து துணி கொண்டு வந்து, இங்கிருந்து ஈயம் ஏற்றிச் சென்ற தமிழ் வணிகர்கள் அந்தக் கணக்குகளில் வருகிறார்கள். உம்பாய்க் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும் அதே நீரிணை வழியாகத்தான் அவர்களின் கப்பல்கள் போயின. மலாக்கா நகரில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் நிற்கிறது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். அந்த வணிகர் வரலாறு வேறு, நம் தோட்ட வரலாறு வேறு. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானிலும் பெரிய தோட்டம் உருவாயிற்று. அதற்குப் பின்னர் கங்காணிகளின் பின்னே கப்பலேறி வந்த எளிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். வணிகருக்குப் பெயர் எழுதினார்கள். நம் முன்னோருக்குத் தலைக்கணக்கு எழுதினார்கள். உதவி பெற்றுக் கூலி வேலைக்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடுத்து நிறுத்தும் வரை அந்தத் தலைக்கணக்கு நீண்டது.

இந்த இரு வரலாறுகளையும் அரசரத்தினம் எழுதினார். 1960களில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், மலேசியா, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். சோழமண்டலக் கடற்கரை வணிகரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1986இல் வந்தது. தோட்டத் தொழிலாளி இந்த நாட்டு வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக இருந்த நிலை மாற, இத்தகைய நூல்கள் வழி செய்தன.

அவரைப் போன்றவர்களுக்கு மலாயாவில் இடம் கிடைத்தது எப்படி என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். உழைக்கும் மக்கள் தங்கள் சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்த சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன. 1956இல் துறை தோன்றியது. இலண்டனில் பட்டம் பெற்ற தனிநாயகம் அடிகள் 1961இல் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஒரு நாள் கூலியை நம்பிய மக்கள் பல்கலைக் கழகத்தில் தம் மொழிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள் என்றால், அது சிறிய செயலா?

இனி, நம் பிள்ளைகளுக்கு வருவோம். வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவு அதிகம். ஆகவே முதல் பட்டத்தை உள்நாட்டில் முடித்து, காமன்வெல்த் உபகாரச் சம்பளம் போன்ற உதவி தேடி உயர் பட்டத்துக்குப் போவது நம்மவர்க்கு ஏற்ற வழி. அதற்குத் தேவையான முதல் உண்டு. அது நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் நம் பிள்ளை சிறு வயதிலேயே பழகி விடுகிறான். வேறு நாட்டு ஆய்வாளர் ஆண்டுக் கணக்கில் பாடுபட்டுக் கற்பதை, அவன் பள்ளி விட்டு வரும் வழியிலேயே கற்று விடுகிறான். இதைக் குறைவாக எண்ணித் தமிழை விட்டு விடுவது, கையிலுள்ள காசை வீதியில் எறிவது போன்றது.

நீரிணைக் குடியேற்றங்களைப் பற்றி அதிகாரிகள் எழுதிய கடிதங்கள் இன்றும் இலண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் இறந்தார்கள் என்ற எண்கள் அங்கே கிடைக்கும். லயத்தில் நடந்த திருமணம், பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கால் உயிர் காத்தது, சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர் திரும்பாத வீடு ஆகியவை அங்கே கிடைக்குமா? அவை நம் பெரியவர்களின் நெஞ்சில்தான் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் பட்டணம் பெயர்ந்தார்கள். பெயர்ந்து போகும்போது பழைய தாள்களைக் குப்பையில் போட்டு விட்டுப் போவது நம் வழக்கமாகி விட்டது.

ஆகவே நேயர்களே, தாத்தாவின் பழைய அடையாள அட்டை, கப்பல் சீட்டு, செக்ரோல் தாள், தொழிற்சங்கச் சந்தா அட்டை, கோயில் கணக்குப் புத்தகம், தமிழ்ப்பள்ளி நிழற்படம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நிழற்படத்தின் பின்னால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்; பெயர் இல்லாத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டியின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் துறைமுகத்தில் இறங்கினோம், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும்.

நாளைக்கு உம்பாயிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ அந்த இலண்டன் நூலகத்தில் போய் அமரக் கூடும். அதிகாரி எழுதிய கடிதம் ஒரு பக்கமும், பாட்டி சொல்லி எழுதிய நோட்டுப் புத்தகம் மறு பக்கமும் அந்த மேசையில் இருக்கட்டும். இரண்டையும் ஒப்பிட்டு எது உண்மை என்று சொல்லும் தகுதி, அந்தப் பிள்ளைக்கு மற்ற எவரையும்விட அதிகமாக இருக்கும்.