கத்தி ஓய்ந்த பின்னர்

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பீற்றர் பென்ற் பிறிகம் வைத்தியசாலையில், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகமொன்று அகற்றப்பட்டு, மரணத்தின் வாயிலில் நின்ற அவரது உருவொத்த இரட்டைச் சகோதரர் றிச்சர்டின் உடலிற் பொருத்தப்பட்டது. நிலைத்த வெற்றிகண்ட முதலாவது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அதுவே. அதனை நடத்திய வைத்தியர் யோசப் மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். அது தகுந்த கௌரவமே. ஆனால் சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. றிச்சர்டோ அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கத்தி ஓய்ந்த பின்னர் அவ்வுயிரைக் கண்காணித்த கரங்கள் யாருடையவை? அவர் தம்மைப் பராமரித்த தாதி ஒருவரை மணந்தார் என்ற காதற்கதையை நினைவில் வைத்திருக்கும் சரித்திரம், தாதியரின் உழைப்பை மறந்துவிட்டது.

இரட்டையரல்லாதாரின் உடல் அந்நிய உறுப்பை நிராகரிக்கும். அவ்வெதிர்ப்பை அடக்க முதலிற் கதிர்வீச்சைக் கையாண்டனர். அதனால் நோயை எதிர்க்கும் ஆற்றலும் அழிந்தது. 1958இல் அவ்வாறு சிகிச்சை பெற்ற பெண்ணொருவருக்குக் கிருமி அணுகாதிருக்கச் சத்திரசிகிச்சைக்கூடமே வாசத்தலமாயிற்று. பின்னர் 1962இல் அசதியோபிறினும், 1983இல் சைக்கிளோஸ்போறினும் வழக்குக்கு வந்தன. எனினும் மருந்து தானாக வேலை செய்வதில்லை. அதை நாள்தோறும், நேரந்தவறாது, சிறுநீரகம் உழைக்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல், சிறுநீர்க் குறைவு, திடீரென ஏறும் உடல்நிறை ஆகியவற்றின் பொருளை நோயாளி உணர வேண்டும். இவற்றைப் பொறுமையுடன் கற்பிப்பவள் தாதியே.

மறுபுறத்தில், 1960இல் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர் நீடித்த இரத்தச் சுத்திகரிப்புக்கு வழிகண்டார். 1962இல் அங்கு நிறுவப்பட்ட நிலையத்தில் இயந்திரங்களோ சில, நோயாளரோ பலர். யார் வாழ்வது என்பதை எழுவர் கொண்ட குழு தீர்மானித்தது. தொழில், கல்வி, சொத்து, தேவாலயத் தொண்டு யாவும் உயிரின் விலையாக நிறுக்கப்பட்டன! 1972இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைச் செலவை ஏற்கச் சட்டமியற்றிய பின்னர் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. இயந்திரத்தை இயக்கும் தாதியரும் பெருகினர்.

இங்கேதான் ஒரு பிளவு உண்டாயிற்று. இயந்திரத்தருகே நிற்கும் தாதி ஓருலகிலும், மாற்றுச் சிகிச்சைப் பிரிவு வேறோருலகிலுமாகப் பிரிந்தன. வாரத்தில் மும்முறை இயந்திரத்தோடு பிணைக்கப்படும் நோயாளி, "எனக்கு வேறு வழியில்லையா?" என்று முதலிற் கேட்பது யாரை? அத்தாதிக்கு அவ்வழி கற்பிக்கப்படாவிடின், படித்தவரும் செல்வரும் வேறிடத்தில் விசாரித்தறிவர். கூலியுழைப்பாளி கேளாமலே இருந்துவிடுவான். அமெரிக்காவில் கறுப்பின மக்களும் வறியோரும் மாற்றுச் சிகிச்சையைப் பெறுவதிற் பின்தள்ளப்படுவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சியாற்றில் குழு கலைந்துவிட்டது. அதன் தராசு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, சிறுநீரகப் பிரிவின் ஒவ்வொரு தாதிக்கும் மாற்றுச் சிகிச்சை பற்றிய முறையான பயிற்சியும், நோயாளியுடன் உரையாட நேரமும், அவ்வுழைப்புக்கேற்ற ஊதியமும் மதிப்பும் வழங்கப்படவேண்டும். இது சலுகையன்று, நோயாளியின் உரிமையோடு பிணைந்த உரிமை. விஞ்ஞானம் ஈன்ற வெற்றியை ஏழையின் படுக்கைவரை கொண்டுசெல்லும் பாதை, அவள் கைகளினூடாகவே செல்கிறது.