இரவுப் பயணமும் குளிர்காற்றும்

கோடை விடுமுறையில் தாயகம் சென்று திரும்பும் நம் காலனிக் குடும்பங்களுக்கு, இரவுப் பயணத்தின் புழுக்கத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மின்விசிறி சற்றே நின்றுவிட்டால் பெட்டி முழுவதும் எழும் முணுமுணுப்பை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். அவ்விசிறி வருவதற்கு முன் இந்நாட்டில் வழிச்செல்வோர் இரவை எவ்வாறு கழித்தனர், அவர்கள் துயில்வதற்காக யார் விழித்திருந்தனர் என்பது சிந்தித்தற்குரிய வரலாறாகும்.

இருப்புப்பாதை தோன்றுமுன், வசதி படைத்தோர் கோடையில் பகற்பயணத்தை இயன்றவரை தவிர்த்தனர். வெயில் சாய்ந்தபின் பல்லக்குப் புறப்படும். தீவட்டிக்காரன் முன்னே ஓட, எண்மர் முறைமாற்றித் தோள் கொடுப்பர். ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒருமுறை புதிய ஆட்கள் காத்திருப்பர். உள்ளிருப்பவர் படுத்துறங்கியவாறே செல்லலாம். பொழுது புலர்ந்ததும் வழியிலுள்ள 'டாக் பங்களா'வில் தங்கி, வெயிலைப் போக்கிவிட்டு மீண்டும் மாலையில் கிளம்புவர். இரவின் குளிர்ச்சி ஒருவருக்கு, நடை எண்மருக்கு.

வடநாட்டின் வறண்ட பகுதிகளில் வெட்டிவேர்த் தட்டி பெருந்துணை புரிந்தது. அக்பர் காலத்திலேயே வெட்டிவேர்த் தட்டிகளும், வெடியுப்புக் கொண்டு நீரைக் குளிரச் செய்யும் முறையும் வழங்கியதை அபுல் பசலின் 'அயினி அக்பரி' குறிப்பிடுகின்றது. தட்டியின்மேல் நீர் தெளித்தால், வெங்காற்று அதனூடே புகும்போது நீர் ஆவியாகி வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆனால் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற கடல் சார்ந்த ஊர்களில் இவ்வுத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கையில் தட்டியின் நீர் எங்ஙனம் உலரும்? நம் உடலின் வியர்வையும் உலராமல் ஒட்டிக்கொள்வது இதனாலேயே. அங்கு வேண்டியது காற்றோட்டம். கூரையிலிருந்து தொங்கும் பெரும் பங்கா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் பரவியதன் காரணம் இதுவே.

நீண்ட மரச்சட்டத்தில் துணி கட்டித் தொங்கவிட்டு, கயிற்றைச் சுவர்த் துளையின் வழியே தாழ்வாரத்துக்கு இட்டுச் செல்வர். அங்கே அமர்ந்திருக்கும் கூலியாள் இரவு முழுவதும் அதனை இழுக்க வேண்டும். சிலர் கயிற்றைக் காற்பெருவிரலில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தவாறு இழுத்ததும் உண்டு. நள்ளிரவில் அவன் கண்ணயர்ந்தால் பங்கா நிற்கும். உள்ளே துரை விழித்துக்கொள்வார். அதன்பின் நிகழ்ந்தவை நமது வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை என்பதே என் கருத்து. உதைபட்டு இறந்த பங்காக்காரர் வழக்குகளில், மலேரியாக் காய்ச்சலால் வீங்கியிருந்த மண்ணீரல் வெடித்தமையே சாவுக்குக் காரணம் என்று கூறி, அற்பத் தண்டனையோடு குற்றவாளியை விடுவிப்பது வழக்கமாயிருந்தது. 1876இல் ஆக்ராவில் புல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர், பங்காக்காரரை அன்று, தம் குதிரைக்காரரை அடித்தார், அவர் இறந்தார். விதித்த அபராதம் 30 ரூபாய். வைஸ்ராய் லிட்டன் பிரபுவே அத்தீர்ப்பைக் கண்டித்து எழுத நேர்ந்தது.

பனிக்கட்டியின் கதை சற்று இன்பமானது. 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு திங்கள் கடலில் சென்று கல்கத்தாவை அடைந்தது. உருகியது போக 100 டன் அளவு எஞ்சியிருந்ததாம்! சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் 'ஐஸ் ஹவுஸ்', அவ்வாணிகத்தின் பொருட்டு 1842இல் எழுந்ததே.

பின்னர் புகைவண்டி வந்தது. முதல் வகுப்புச் சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டிகள் பொருத்தப்பட்டன. மூன்றாம் வகுப்பின் நிலையைக் காந்தியடிகள் 1917இல் எழுதிவைத்துள்ளார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் இரண்டு இரவுகள். 22 பேர் அமர்வதற்குரிய பெட்டி, படுக்கை கிடையாது. பெரும்பாலும் 35 பேருக்குக் குறையவில்லை. சிலர் அழுக்கிடையே தரையில் கிடந்தனர். சிலர் நின்றே வந்தனர். அக்காலத்தில் தென்னாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த நம் முன்னோருள் பலர் கண்ட இரவும் இதுவே. அவர்கட்கு உற்ற துணை பனையோலை விசிறியும் கூஜா நீருமே.

1899இல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தபின் பங்காக் கயிறுகள் மெல்ல மறைந்தன. 1934இல் பம்பாய்–பெஷாவர் 'பிரான்டியர் மெயி'லில் குளிர்பெட்டி இணைக்கப்பட்டது. தரைக்கடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, அவற்றின்மீது காற்றைச் செலுத்திப் பெட்டிக்குள் விடுவர். உருகியவற்றுக்கு ஈடாக, வழியிலுள்ள நிலையங்களில் புதுப் பாளங்களைக் கூலியாட்கள் சுமந்து வந்து ஏற்றுவர். 1956இல் ஹௌராவுக்கும் தில்லிக்குமிடையே முழுதும் குளிர்சாதன வசதியுள்ள வண்டி ஓடத் தொடங்கியது.