ஆடிச்சுற்றும் அடிநடையும்

2019-ஆம் ஆண்டிலே திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய தென்காசியின் கரிசற் பகுதியில் உள்ளது திருவேங்கடம். இவ்வூர்க்குத் தென்மேற்கே சங்கரநயினார்கோயில் என முன்னோர் வழங்கிய சங்கரன்கோயில் விளங்குகின்றது. அரியும் அரனும் ஒருருவாகக் காட்சி தரல் வேண்டிக் கோமதியம்மை ஒற்றைத் தாளூன்றித் தவஞ்செய்தனள் என்பது தலவரலாறு. ஆடித்தபசு விழாவிற்குக் கொடியேறியபின் அன்பர் பலர் திருக்கோயிலை 108 முறையும் அதற்கு மேலும் வலம்வருவர். ஆடிச்சுற்று என்பது இதன் பெயர். தவத்தால் அம்மையின் திருவடிக்கு உண்டாய நோவினைத் தாமும் ஏற்றுக்கொள்ளுதலே இதன் கருத்தென்பர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவவினாவிடையில் வலம்வரும் முறையை உணர்த்துமிடத்து, நிறைசூலுடையாள் ஒருத்தி எண்ணெய்க்குடத்தைத் தலைமேற் கொண்டு நடக்கும் நடையை உவமையாக்கினர். அத்துணை மெல்ல அடிவைத்தல் வேண்டும் என்பது கருத்து. நூற்றெட்டினை முடிக்க விரைவார் நடை இவ்விதியொடு முரணாதோ எனின், முரணும். அதனை மறைத்துப் பேசுதல் தகாது. ஆயினும், ஓட்டமாகத் தொடங்கினார்க்கும் சுற்றுப் பெருகப் பெருகக் கால் நோவெடுக்க, நடை தானே தளரும். அப்பொழுதே ஒவ்வோரடியும் அறியப்படுகின்றது. விதி முதற்கண் வேண்டிய மென்மையை நோவு பின்னர்க் கொணர்கின்றது. உலகியல் பேசிக்கொண்டே சுற்றினார்க்கோ எண் மாத்திரமே எஞ்சும்.

உடலால் இயற்றும் தொண்டாகிய சரியையை எளிதென்று இகழ்வார் உளர். கன்மேந்திரியம் ஐந்தனுள் பாதமும் ஒன்று. சந்தைக்கும் வழக்கிற்கும் ஆசை செலுத்தியவாறு சென்று பழகிய கால் அது. சார்ந்ததன் வண்ணமாம் உயிர்க்கு, அக்கருவியைத் திருக்கோயிலின்கண் வேறொரு சார்பிற் பழக்குதல் சிறுதொழிலன்று. அன்றியும், நாவலர் காட்டிய குடம் திருமாளிகைப் பத்தியிற் பிறந்ததன்று, மனையகத்துப் பொருளே. நீர் அரிதாகிய கரிசற் சிற்றூர்களில் நெடுந்தொலை குடஞ்சுமந்த மகளிர்க்கு அவ்வுவமை உரை வேண்டாது விளங்கும். துளி சிந்தாமல் நடத்தற்கு வேண்டிய கருத்தொருமை அவர்பால் முன்னரே உண்டு. இல்லினின்று கோயிலுக்கு வந்த அந்நடை, கோயிலினின்று இல்லுக்கு மீளாமையே குறை.

மீண்டமைக்குச் சான்று திருநாவுக்கரசர் வரலாறு. திருக்கயிலை நோக்கிச் சென்ற அவர்க்குத் தாள்கள் தேய்ந்தன. கையும் மார்பும் தேயத் தவழ்ந்தும் புரண்டும் சென்றனர். ஆண்டுக் கயிலை எய்தினாரல்லர். இறைவன் ஆணையின்வண்ணம் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தனர் என்று பெரியபுராணம் கூறும். அவ்வூரில் அவர் முன்னர் வந்தவை யாவை? பிடியொடு களிறும், பெடையொடு சேவலும், துணையொடு பிற புள்ளும் விலங்குமே. நாடோறும் எவர் கண்ணிலும் படுவன அவை. அவற்றையே சத்தியும் சிவமுமாக அவர் கண்டனர்.