ரியூனர் பெட்டிக்குள் ஒரு மனிதரின் கதை

எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கூரைகளுக்கு மேல் உயர்ந்து நின்ற அன்ரெனாக்களை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்ஷனைப் பிடிப்பதற்காக ஒருவர் இரும்புக் குழாயைத் திருப்புவார். வீட்டுக்குள்ளிருந்து மற்றவர் "இப்ப தெரியுது, ஐயோ போட்டுது" என்று குரல் கொடுப்பார். நானும் அவ்வாறு திருப்பியவன்தான். எங்கள் கவனம் முழுவதும் கூரையிலேயே இருந்தது. உண்மையான வேலை நடந்ததோ, சனல் மாற்றும் குமிழுக்குப் பின்னாலிருந்த ரியூனர் என்னும் சிறு தகரப் பெட்டிக்குள். கலைப்பீடத்தில் படித்த எனக்கு அது விளங்க வெகுகாலம் பிடித்தது.

அன்ரெனாவில் பல நிலையங்களின் அலைகள் ஒரே வேளையில் வந்து விழும். ஐந்தாம் சனலில் படத்தைத் தாங்கிவரும் அலை 175.25 மெகாஹேர்ட்ஸ். ரியூனர் தானாகவே 214.15 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி அதனுடன் கலக்கும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் 38.9. எட்டாம் சனலுக்குத் திருப்பினால், 196.25 இல் வரும் அலைக்கு ரியூனரின் அலை 235.15 ஆகும், வித்தியாசம் மீண்டும் அதே 38.9. எனவே எந்தச் சனலாயினும் பின்னாலுள்ள சுற்றுகள் அந்த ஒரே இடையலையை வடிகட்டிப் பெருக்கினால் போதும். பின்னர் அலையின் வீச்சிலிருந்து படமும், அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஒலியும் பிரித்தெடுக்கப்படும். நிறத்தைப் பிரிக்கும் 'பால்' முறை ஜேர்மனியரான வால்டர் புரூக் தந்தது. அது வேறு கதை.

கலக்கும் தந்திரம், அதிர்வெண் மாற்றத்தில் ஒலியை ஏற்றும் எஃப்.எம் முறை ஆகிய இரண்டிலும் எட்வின் ஆர்ம்ஸ்ட்ரோங் என்ற அமெரிக்கரின் பெயர் இருக்கிறது. முதலாவதை அவர் 1918 இல், இராணுவ அதிகாரியாகப் பாரிஸில் இருந்தபோது உருவாக்கினார். பிரெஞ்சுக்காரரான லூசியன் லெவி அதற்கு முந்திய ஆண்டிலேயே இதையொத்த முறைக்குக் காப்புரிமை கோரியிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஃப்.எம் காப்புரிமைகள் ஆர்ம்ஸ்ட்ரோங்குக்கு 1933 இல் கிடைத்தன.

ஆர்.சி.ஏ நிறுவனத் தலைவர் டேவிட் சார்னொஃப் அவரது நண்பர். ஆர்ம்ஸ்ட்ரோங்கின் மனைவி மேரியன் முன்னர் சார்னொஃபின் செயலாளராக இருந்தவர். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் எஃப்.எம் பரிசோதனை நடத்த அந்நிறுவனமே இடமளித்தது. 1935 இல் கருவிகளை அகற்றுமாறு அதுவே கேட்டுக்கொண்டது. காரணம், தொலைக்காட்சிக்கு அந்த இடம் தேவைப்பட்டது! அதே தொலைக்காட்சியின் ஒலிக்கு அமெரிக்கா 1941 இல் எஃப்.எம் முறையையே ஏற்றுக்கொண்டது. ஆர்.சி.ஏ அவருக்கு உரிமத்தொகை செலுத்த மறுத்தது. 1948 இல் அவர் வழக்குத் தொடுத்தார். செல்வமும் மணவாழ்வும் அவ்வழக்கிலேயே கரைந்தன. 1954 ஜனவரி 31 ஆம் திகதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மேரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. ஆர்.சி.ஏ உடன் அதே ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. ஏனைய நிறுவனங்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். மோட்டரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கில் அவர் வென்றபோது ஆண்டு 1967. ரூபவாஹினி 1982 இல் தொடங்கியபோது எங்கள் வீடுகளில் கேட்ட குரல்களும் அந்த எஃப்.எம் முறையிலேயே வந்தன.